நாலு தடவை ஏர் எடுத்தும் பிரேக் பெடல் கீழேயே போகிறது, எங்கே தப்பு?

பழையவண்டி – ஞாயிறு, இரவு 9:40

வணக்கம். மூன்று வாரமாக மண்டை காய்கிறது, தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

வண்டி பதினான்கு வருடப் பழைய ஹேட்ச்பேக். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற சாதனம்) கிடையாது. பின் இடது டிரம்மைக் கழற்றிப் பார்த்தால் வீல் சிலிண்டர் (ஷூவை டிரம்மோடு அழுத்துகிற உருளை) ஒழுகி, ஷூவில் இருக்கிற லைனர் (டிரம்மில் உரசுகிற பட்டை) முழுக்க ஆயிலில் ஊறிக் கிடந்தது. செய்கிறதே செய்கிறோம் என்று இரண்டு பக்கமும் வீல் சிலிண்டர், ஷூ, ஸ்பிரிங் எல்லாம் புதிதாகப் போட்டேன். அட்ஜஸ்டர் (ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்கிற பல்சக்கரத் திருகு) மட்டும் பழையதுதான், இரண்டு பக்கத்துச் சாமானையும் ஒரே தட்டில் போட்டுத் துரு போகத் தேய்த்து, லேசாக கிரீஸ் தடவி மாட்டினேன். நடுவில் குழாய் முனையை அடைக்க மறந்துவிட்டேன், ராத்திரியோடு ராத்திரியாக வண்டியிலிருக்கிற பிரேக் ஆயில் டப்பா காலி. திட்டாதீர்கள், வீட்டில் ஏற்கனவே வாங்கியாயிற்று.

பிறகு மனைவியைப் பெடலில் உட்கார வைத்து, சக்கரத்து நிப்பிளை (ஆயிலை வெளியே விடுகிற திருகு) திறந்து மூடி ஏர் எடுத்தேன், அதாவது குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றினேன். முதல் இரண்டு தடவை குமிழியாகக் கொட்டியது. மூன்றாவது தடவை ஒன்றிரண்டு. நாலாவது தடவை ஒன்றுகூட இல்லை, ஆயில் தண்ணீர் மாதிரி தெளிவாக வந்தது. ஒன்றரை லிட்டர் போய்விட்டது. ஆனாலும் பெடல் முதல் மிதியில் முக்கால்வாசி கீழே போகிறது. உடனே இன்னொரு மிதி மிதித்தால் மேலே வந்து கல்லாக நிற்கிறது. ஐந்து நிமிடம் விட்டுவிட்டு மிதித்தால் மறுபடி பழைய கதை. வாசலுக்குள்ளேயே முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தேன், நிற்கிறது, ஆனால் வெளியே எடுக்க மனசு வரவில்லை. ஏர் எடுத்த அன்று இருந்ததைவிட இப்போது இன்னும் கொஞ்சம் கீழே போகிற மாதிரிகூட இருக்கிறது, அது என் பிரமையாகவும் இருக்கலாம்.

அவசரக்குடுக்கை – ஞாயிறு, இரவு 9:52

ஏர்தான். சந்தேகமே வேண்டாம். டப்பா காலியானால் சும்மா விடுமா? இன்னும் ஒரு லிட்டர் ஊற்றி இரண்டு ரவுண்டு எடுங்கள், சரியாகிவிடும். வரிசை முக்கியம், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற உருளை) தூரமான சக்கரம் முதலில்.

கிரீஸ்கை – ஞாயிறு, இரவு 10:31

குடுக்கை தம்பி, நாலாவது தடவை குமிழியே இல்லை என்று அவர் எழுதியிருக்கிறார், அதைப் படித்தாயா? ஐந்தாவது தடவை மட்டும் எங்கிருந்து வரும்? தூரச் சக்கரம் முதலில் என்பதும் எல்லா வண்டிக்கும் இல்லை. குழாயைக் குறுக்காகப் பிரித்த வண்டிகளில் ஒரு பின் சக்கரம், அதற்கு எதிர்மூலை முன் சக்கரம், அப்புறம் அடுத்த ஜோடி என்று வரும். அந்த வண்டியின் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் வரிசை.

பழையவண்டி சார், நீங்கள் எழுதியதில் ஒரு வார்த்தை எனக்கு உறுத்துகிறது. இரண்டாவது மிதியில் "கல்லாக" நிற்கிறது என்றீர்கள். நிஜமாகவே கல்லா, இல்லை ரப்பர் பந்தை மிதிக்கிற மாதிரி கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கிறதா? உள்ளே காற்று இருந்தால் அடுத்தடுத்து மிதிக்கும்போது பெடல் மேலே வரும், ஆனால் வந்த பிறகும் அந்தத் துள்ளல் போகாது. காற்று உள்ளேதானே இருக்கிறது, மிதித்தால் சுருங்கும், விட்டால் விரியும். மேலே வந்ததும் கெட்டியாக நின்றுவிட்டால் எனக்கு ஏர் மேல் சந்தேகம் வராது. எங்கேயோ இடைவெளி அதிகமாக இருக்கிறது, முதல் மிதியில் போகிற ஆயில் முழுவதும் அதை மூடவே செலவாகிவிடுகிறது, இரண்டாவது மிதிதான் பிரேக் பிடிக்கிறது. பின்னால் டிரம் இருக்கிற வண்டியில், அதுவும் ஷூ மாற்றிய கையோடு, அந்த இடைவெளி எங்கே இருக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா.

ஒரு சோதனை சொல்கிறேன், ஒரு சாமானும் வேண்டாம். ஹேண்ட்பிரேக்கை முடிந்த மட்டும் மேலே இழுத்துவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து பிரேக் பெடலை ஒரே ஒரு மிதி மிதியுங்கள். வழக்கத்தைவிட உயரத்திலேயே நின்றுவிட்டால் லைனர் டிரம்மை விட்டுத் தள்ளி நிற்கிறது என்று அர்த்தம், ஏனென்றால் ஹேண்ட்பிரேக் ஏற்கனவே அந்தத் தூரத்தைக் கடந்துவிட்டது. வித்தியாசமே இல்லை என்றால் டிரம் பக்கம் போகாதீர்கள், வேறு பேசுவோம்.

இன்னொரு கேள்வி. ஏர் எடுக்கும்போது பெடலைத் தரை வரைக்கும் மிதிக்கச் சொன்னீர்களா?

திருகாணி – ஞாயிறு, இரவு 11:05

கிரீஸ்கை அண்ணா கடைசியில் கேட்ட கேள்வி சும்மா இல்லை. ஓட்டும்போது பெடல் ஒருநாளும் தரையைத் தொடுவதில்லை, மாஸ்டர் சிலிண்டருக்குள் பிஸ்டன் முதல் பாதித் தூரத்தில்தான் போய்ப் போய் வரும். பத்து, பதினைந்து வருடத்தில் அந்தப் பாதி மட்டும் கண்ணாடி மாதிரி பளபளப்பாகிவிடும். மீதிப் பாதியில் பழைய ஆயிலின் கசடும், உள்ளே சேர்ந்த ஈரத்தில் வந்த அரிப்பும் சொரசொரவென்று உட்கார்ந்திருக்கும். ஏர் எடுக்கிறோம் என்று பெடலைத் தரை வரை அமுக்கினால், இத்தனை வருடம் போகாத அந்த இடத்துக்கு, ஆயில் தாண்டாமல் பிஸ்டனில் அடைத்து நிற்கிற ரப்பர் கப் போய் உரசித் தன் உதட்டைக் கிழித்துக்கொள்ளும். பழைய வண்டி என்றால் பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டையைப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குவது என் பழக்கம். பாதி மிதியில் ஆயில் குறைவாக வரும், பத்து தடவைக்குப் பதில் இருபது தடவை மிதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேள்விக்குறி – திங்கள், காலை 7:15

நடுவில் புகுந்ததற்கு மன்னியுங்கள். நானும் இந்த வாரம் முதல்முறையாக ஆயில் மாற்றப் போகிறேன். டாட் 3, டாட் 4, டாட் 5, 5.1 என்று வகை வகையாக இருக்கிறது. டாட் 5 வாங்கினால் நல்லதுதானே, நம்பர் பெரியது? அப்புறம் வெற்றிடப் பம்பு ஒன்று வாங்கியிருக்கிறேன், தனியாகவே எடுத்துவிடலாம் என்கிறார்கள். என் வண்டியில் ஏபிஎஸ் உண்டு.

திருகாணி – திங்கள், காலை 8:02

கேள்விக்குறி, டாட் 5 மட்டும் வேண்டவே வேண்டாம். அது சிலிகான். மற்ற மூன்றும் கிளைகால் வகை, இரண்டையும் கலக்கக் கூடாது, ஏபிஎஸ் வண்டிக்கு சிலிகான் ஆகவும் ஆகாது. 5.1 என்பது பெயரில்தான் 5க்குப் பக்கம், உள்ளே டாட் 4க்குச் சொந்தம். மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள்.

நம்பருக்கு அர்த்தம் கொதிநிலை. புது ஆயில் குறைந்தது எத்தனை டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்ற கணக்கு: டாட் 3க்கு 205, டாட் 4க்கு 230, 5.1க்கு 260. ஆனால் கிளைகால் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அதே அளவு 140, 155, 180 என்று இறங்கிவிடுகிறது. மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பாகம்) பக்கம் அந்தச் சூடு வருவது பெரிய விஷயமில்லை. ஆயில் கொதித்தால் ஆவி, ஆவி வந்தால் பெடல் பஞ்சு. கீழே வந்து ஆறியதும் பெடல் சரியாகிவிடும், மெக்கானிக்கிடம் காட்டினால் ஒன்றுமில்லையே என்பார். அதனால்தான் பல கையேடுகளில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். போன வருடம் திறந்து பாதி மிச்சம் வைத்த டப்பாவை ஊற்றாதீர்கள், அது ஈரம் குடித்த ஆயில்.

பம்பு பரவாயில்லை, ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நிப்பிளைக் கால் சுற்று தளர்த்திவிட்டு உறிஞ்சினால் அதன் மரை வழியாகவும் வெளிக்காற்று உள்ளே வரும். ட்யூபில் பொடிப்பொடியாகக் குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருக்கும், நீங்கள் ஏர் இன்னும் இருக்கிறது என்று டப்பா டப்பாவாக ஆயிலைத் தீர்ப்பீர்கள். மரையில் மட்டும் சிலிகான் கிரீஸ் கொஞ்சம் தடவினால் அது நின்றுவிடும், முனையில் படக் கூடாது. ஆயில் டப்பா கீழ்க்கோட்டுக்கு இறங்காமல் பார்த்துக்கொண்டால் ஏபிஎஸ் பற்றிப் பயமில்லை, சாதாரணமாக எடுத்துவிடலாம். டப்பா காலியாகி அந்த ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று போய்விட்டால்தான் தலைவலி, ஸ்கேனரை மாட்டி உள்ளே இருக்கிற வால்வையும் மோட்டாரையும் ஓட விட்டு எடுக்க வேண்டியிருக்கும். ஹைபிரிட் வண்டி என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதில் பல வண்டிகளில் பிரேக்கே வேறு மாதிரி, வீட்டில் கை வைக்காமல் இருப்பது நல்லது.

பழையவண்டி – திங்கள், இரவு 8:20

கிரீஸ்கை அண்ணா, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு மிதித்தேன். பெடல் முதல் மிதியிலேயே பாதிக்கு மேலே நின்றுவிட்டது! நாலு தடவை செய்து பார்த்தேன், நாலு தடவையும் அப்படியே. ஹேண்ட்பிரேக்கை இறக்கினால் மறுபடி முக்கால்வாசி கீழே. இரண்டாவது மிதியில் நிற்கும்போது துள்ளல் எதுவும் இல்லை, கல்தான்.

உங்கள் இன்னொரு கேள்விக்கு: ஆமாம், தரை வரை மிதிக்கச் சொன்னேன். "நன்றாக அமுக்கு, நன்றாக அமுக்கு" என்று கீழே படுத்துக்கொண்டு கத்தியதே நான்தான்.

அவசரக்குடுக்கை – திங்கள், இரவு 8:26

அப்படியானால் சுலபம், ஹேண்ட்பிரேக் கேபிளை நாலு சுற்று முறுக்கிவிடுங்கள், லைனர் டிரம் பக்கத்தில் வந்துவிடும். முடிந்தது கதை.

கிரீஸ்கை – திங்கள், இரவு 9:10

முறுக்காதீர்கள். இதைச் செய்து கெட்டுப்போன டிரம்மைத்தான் பாதி நாள் நான் கழற்றிக்கொண்டிருக்கிறேன்.

கேபிளை முறுக்கினால் ஷூவில் இருக்கிற ஹேண்ட்பிரேக் லீவர் தன் இடத்துக்குத் திரும்பாது, பாதி இழுத்த நிலையிலேயே தொங்கும். பெடல் உயரமாகத்தான் இருக்கும், நீங்களும் சந்தோஷப்படுவீர்கள். ஆனால் லீவர் திரும்பாததால் தானாக அட்ஜஸ்ட் ஆகிற அந்தப் பல் வேலை செய்யாது, லைனர் தேயத் தேய இடைவெளி அப்படியே கூடும், நீங்கள் திரும்பத் திரும்பக் கேபிளை முறுக்குவீர்கள். நடுவில் ஒருநாள் லைனர் உரசி டிரம் சூடாகி வாடை வரும். முதலில் ஷூவைச் சரி செய்ய வேண்டும், கேபிள் கடைசி.

இப்படிச் செய்யுங்கள். சமதரையில் முன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டு, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கை விடாதீர்கள். ஹேண்ட்பிரேக்கை இறக்கி, கேபிளின் அட்ஜஸ்ட் நட்டை நன்றாகத் தளர்த்துங்கள். டிரம்மைக் கழற்றி, அட்ஜஸ்டரின் பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் திருப்பி, ஒவ்வொரு தடவையும் டிரம்மை மாட்டிப் பாருங்கள். டிரம் கையால் தள்ளினால் ஏறவேண்டும், ஆனால் சுற்றும்போது சர்ர் என்று லேசாக உரசுகிற சத்தம் கேட்க வேண்டும், சுற்றி விட்டால் ஒரு சுற்றுகூட முழுசாக ஓடாமல் நிற்க வேண்டும். அந்த இடம் வந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் முடிந்த பிறகு பெடலைப் பத்துப் பதினைந்து தடவை மிதித்தால் ஷூ நடுவில் வந்து உட்காரும், மறுபடி உரசலைப் பார்த்து ஒரு பல் கூடுதல் குறைவு செய்யுங்கள். அதற்கு அப்புறம்தான் கேபிள்.

ஈருருளி – திங்கள், இரவு 9:33

இங்கே பைக் ஆட்களுக்கு இடமுண்டா? முன் டிஸ்க் ஹோஸ் மாற்றினேன். லீவரை இழுத்தால் ஆக்சிலரேட்டர் பிடியைத் தொடுகிறது. நிப்பிளில் குமிழி வரவில்லை, லீவரும் கெட்டியாகவில்லை. இரண்டு மணி நேரம் லீவரை அமுக்கி அமுக்கி விரல் மரத்துப் போய்விட்டது.

கிரீஸ்கை – திங்கள், இரவு 9:58

பைக்கில் ஹோஸ் மாற்றினால் காற்று பெரும்பாலும் மேலேதான் மாட்டிக்கொள்ளும், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஹோஸ் புறப்படுகிற அந்த வளைவில். கீழே நிப்பிளில் எத்தனை தடவை எடுத்தாலும் வராது, காற்று கீழே இறங்கி வர அது என்ன கல்லா? ஹேண்டிலைத் திருப்பி மாஸ்டர் சிலிண்டர் உயரமான இடத்தில் வருகிற மாதிரி சாய்த்து வையுங்கள். லீவரை இழுத்துப் பிடித்தபடி, ஹோஸை மாட்டியிருக்கிற மேல் போல்ட்டைக் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள், புஸ் என்று நுரை வரும், உடனே இறுக்கிவிட்டு லீவரை விடுங்கள். சுற்றிலும் துணியை வையுங்கள், டேங்கில் சொட்டினால் பெயின்ட் உரிந்து வரும். போல்ட்டுக்கு இரண்டு பக்கமும் வாஷர் புதிதாகப் போட்டீர்களா? பழையதையே போட்டிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

அப்படியும் கொஞ்சம் மிச்சம் இருந்தால், ராத்திரி லீவரை இழுத்து ரப்பர் பேண்ட் போட்டு விட்டுவிடுங்கள். பொடிக்குமிழி எல்லாம் மேலே ஏறி வரும். காலையில் ரப்பர் பேண்டை எடுத்ததும் திரும்புகிற ஆயிலோடு அது டப்பாவுக்குப் போய்விடும். சிலர் கீழிருந்து ஊசியால் ஆயிலை மேலே தள்ளுவார்கள், அதுவும் நல்ல வழி, ஆனால் டப்பா நிரம்பி வழிவதைப் பார்க்க இன்னொரு கண் வேண்டும்.

ஈருருளி – செவ்வாய், காலை 6:50

மேல் போல்ட்டில் புஸ் என்றது. லீவர் இப்போது பிடியிலிருந்து இரண்டு விரல் தள்ளி நிற்கிறது. ரப்பர் பேண்ட் போடவே தேவையில்லாமல் போனது. கிரீஸ்கை அண்ணே, கும்பிடு!

பழையவண்டி – புதன், இரவு 10:15

செவ்வாய் ராத்திரி அட்ஜஸ்ட் செய்தேன். பெடல் அருமை, முதல் மிதியிலேயே மேலே நின்றது. இன்று காலை வாசலிலிருந்து தெருமுனை வரை மெதுவாகப் போய் வந்தேன், நாலைந்து தடவை பிரேக் பிடித்தேன். திரும்பி வருவதற்குள் பெடல் ஒரு அங்குலம் கீழே. சாயங்காலம் இன்னொரு தடவை போனேன், இன்னும் கீழே. ஒழுகல் எங்கேயும் இல்லை, டப்பாவில் ஆயில் அதே கோட்டில்தான் இருக்கிறது. எனக்குப் பேய் பிடித்த மாதிரி இருக்கிறது.

திருகாணி – புதன், இரவு 10:40

ஆயில் குறையவில்லை, ஓட்ட ஓட்டப் பெடல் இறங்குகிறது. உங்கள் முதல் பதிவைத் திரும்பப் படித்தேன். இரண்டு பக்கத்துச் சாமானையும் ஒரே தட்டில் போட்டீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அட்ஜஸ்டரை எந்தப் பக்கத்தில் இருந்ததை எந்தப் பக்கத்தில் மாட்டினீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா?

பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் ஒன்றில் வலது மரை, இன்னொன்றில் இடது மரை. தானாக அட்ஜஸ்ட் செய்கிற லீவர் பல்சக்கரத்தை ஒரு திசையில்தான் தள்ளும், சரியான பக்கத்தில் இருந்தால் அட்ஜஸ்டர் நீளும், பக்கம் மாறினால் அதே தள்ளலில் சுருங்கும். நீங்கள் பிரேக் பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் ஷூ டிரம்மை விட்டு விலகிக்கொண்டே போகிறது என்று நினைக்கிறேன். "பிரமையாகவும் இருக்கலாம்" என்று முதல் நாள் எழுதினீர்களே, அது பிரமை இல்லை.

கிரீஸ்கை – புதன், இரவு 10:52

திருகாணி சொன்னதுதான். எனக்கு முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும், "ஒரே தட்டு" என்று படித்தும் கடந்து போய்விட்டேன். டிரம் வேலைக்கு எப்போதும் ஒரு பக்கத்தை முழுசாக முடித்துவிட்டு அடுத்ததைத் திறக்கிறது என் வழக்கம், சந்தேகம் வந்தால் எதிர்ப்பக்கத்தை எட்டிப் பார்க்கலாம். பல அட்ஜஸ்டரில் எழுத்தோ நிறமோ அடையாளம் இருக்கும், துருவில் தெரியாமல் போயிருக்கும். பெடல் இன்னும் கீழே போகும், சரி செய்கிற வரை ஓட்டாதீர்கள்.

பழையவண்டி – வியாழன், இரவு 9:05

மாறித்தான் இருந்தது. கழற்றிக் கம்பி பிரஷால் நன்றாகத் தேய்த்ததும் ஒன்றில் 'எல்' என்று குட்டியாகத் தெரிகிறது, அது இருந்தது வலது பக்கத்தில். லீவரை விரலால் தட்டிப் பார்த்தேன், டிக் டிக் என்று ஒவ்வொரு பல்லுக்கும் திருகு உள்ளே போகிறது, கண்ணெதிரே. ஒன்றரை லிட்டர் ஆயிலையும் மூன்று வாரத்தையும் நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மாற்றிப் போட்டு, திரும்ப அட்ஜஸ்ட் செய்து, தெருவைச் சுற்றி எட்டு தடவை போய் வந்தேன். பெடல் இறங்கவில்லை.

ஆனால் இன்னொன்று பார்த்தேன். எஞ்சின் ஓடும்போது பெடலை மெதுவாக அழுத்திப் பிடித்திருந்தால், அரை நிமிடத்தில் கால் தானாக மெல்ல மெல்லக் கீழே போகிறது. ஓங்கி மிதித்தால் நின்றுவிடுகிறது. இது முன்பே இருந்ததா, இப்போதுதான் கவனிக்கிறேனா, தெரியவில்லை.

திருகாணி – வியாழன், இரவு 9:30

தரை வரை மிதித்ததன் பலன் என்று பயப்படுகிறேன். எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது பெடல் ஒருமுறை லேசாக இறங்குவது நல்லதுதான், பூஸ்டர் (கால் அழுத்தத்தைப் பெருக்கித் தருகிற பாகம்) வேலை செய்கிறது என்று அர்த்தம். இறங்கிக்கொண்டே போவது வேறு. மெல்ல அழுத்தினால் இறங்குகிறது, ஓங்கினால் நிற்கிறது என்றால் கிழிந்த கப்புக்கே உரிய குணம் அது. அழுத்தம் அதிகமானால் கப்பின் உதடு சுவரோடு ஒட்டிக்கொண்டு அடைக்கும், குறைந்தால் ஆயில் அதைத் தாண்டி டப்பாவுக்கே திரும்பிப் போகும். அதனால்தான் வெளியே ஒரு சொட்டும் இருக்காது.

கிரீஸ்கை – வியாழன், இரவு 10:20

உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். நாலு சக்கரத்திலும், குழாய் மூட்டுகளிலும் ஈரம் இருக்கிறதா பாருங்கள். மாஸ்டர் சிலிண்டரை பூஸ்டரில் பிடித்திருக்கிற இரண்டு நட்டைத் தளர்த்தி, கொஞ்சம் முன்னால் இழுத்து, பின்புறத்தையும் பாருங்கள், சில சமயம் பூஸ்டருக்குள் ஒழுகிக்கொண்டிருக்கும். எங்கேயும் ஈரமில்லை என்றால் குழாய்களைக் கழற்றி, மாஸ்டர் சிலிண்டர் துளைகளுக்கு அதே மரையுள்ள அடைப்புத் திருகை மாட்டி மிதியுங்கள். பெடல் பாறையாக நின்றால் மாஸ்டர் சிலிண்டர் தப்பித்தது. அப்போதும் இறங்கினால் வேறு சாட்சி வேண்டாம். ஒரே ஒரு ஜாக்கிரதை, கழற்றின குழாயில் காற்று போகும், அதனால் மாஸ்டர் சிலிண்டர் மாற்றத் தயாராக இருக்கிற அன்று இதைச் செய்யுங்கள்.

ஹோஸைக் கிளாம்ப் போட்டு நெரித்தும் இதே சோதனையைச் செய்வார்கள். பதினான்கு வருட ஹோஸில் எனக்கு அதில் உடன்பாடில்லை. உள்சுவர் கிழிந்து, ஆயிலைப் போக விடும், திரும்ப விடாது, அப்புறம் சக்கரம் பிடித்துக்கொண்டது, டிஸ்க் சூடாகிறது என்று இன்னொரு இழை தொடங்குவீர்கள். அந்த மாதிரி பிடித்துக்கொண்டால் நிப்பிளைத் திறந்து பாருங்கள், ஆயில் பீய்ச்சி சக்கரம் விட்டுவிட்டால் அழுத்தம் உள்ளே மாட்டியிருக்கிறது, ஹோஸ் அல்லது மேலே எங்கேயோ. திறந்தும் விடவில்லை என்றால் காலிப்பர் பிஸ்டனோ காலிப்பர் சறுக்குகிற கம்பியோ இறுகிவிட்டது.

அவசரக்குடுக்கை – வியாழன், இரவு 10:24

முழு மாஸ்டர் சிலிண்டர் எதற்கு? பிரித்து பெட்ரோலில் கழுவி, கப்பை மட்டும் மாற்றலாமே.

திருகாணி – வியாழன், இரவு 10:37

பெட்ரோலும் மண்ணெண்ணெயும் பிரேக் ரப்பர் பக்கமே வரக் கூடாது. அந்த ரப்பர் கிளைகால் ஆயிலுக்கென்றே செய்தது, பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊறிப் பெருத்து இட்ட இடத்தில் இறுகிக்கொள்ளும். பிரேக் கிளீனரால் கழுவிக் காய வைக்கலாம், இல்லை புது பிரேக் ஆயிலாலேயே கழுவலாம். அதைவிட முக்கியம், சுவர் அரித்திருந்தால் புதுக் கப்பும் அதே இடத்தில்தான் கிழியும்.

பழையவண்டி – சனி, இரவு 7:45

அடைப்புத் திருகு போட்டு மிதித்தேன். இறங்கியது. புது மாஸ்டர் சிலிண்டர் வாங்கிவிட்டேன். மாட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஏதாவது?

கிரீஸ்கை – சனி, இரவு 8:10

வண்டியில் மாட்டிவிட்டு ஏர் எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள், மேசையிலேயே எடுத்துவிடுங்கள். வைஸில் (சாமானைக் கவ்விப் பிடிக்கிற இடுக்கி) மாஸ்டர் சிலிண்டரின் நட்டு மாட்டுகிற காதைப் பிடித்துச் சமமாக மாட்டுங்கள், உடம்பை நெரிக்காதீர்கள். துளைகளில் சின்ன ட்யூபைப் பொருத்தி, இன்னொரு முனையை டப்பாவில் ஆயிலுக்கு அடியில் முங்க விடுங்கள். ஒரு கம்பியால் பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளி மெதுவாகவே விடுங்கள். முதலில் பால் மாதிரி நுரையாக வரும், அப்புறம் பெரிய குமிழி, அப்புறம் பொடி, பிறகு ஒன்றும் இருக்காது. அவசரப்பட்டுத் தள்ளினால் குமிழி உடைந்து பொடியாகி ஆயிலோடு சுற்றிக்கொண்டே இருக்கும்.

வண்டியில் மாட்டும்போது பூஸ்டரிலிருந்து வருகிற கம்பி பிஸ்டனை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கக் கூடாது, பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஆழத்தை அளந்து பாருங்கள். இடைவெளி இல்லை என்றால் டப்பாவுக்குத் திரும்புகிற துளை மூடியே இருக்கும், வண்டி சூடாகச் சூடாக நாலு பிரேக்கும் தானாகப் பிடிக்கும்.

உங்கள் வண்டியில் பின் ஆக்சிலுக்கு மேலே ஸ்பிரிங் மாட்டிய ஒரு வால்வு இருக்கிறதா பாருங்கள், சுமையைப் பார்த்துப் பின்பிரேக்கைக் கூட்டிக் குறைக்கிற வால்வு. பின்பக்கத்தைத் தூக்கி ஆக்சிலைத் தொங்கவிட்டால் வண்டி காலி என்று நினைத்து அது ஆயிலைக் குறைத்துவிடும். ஸ்டாண்டை ஆக்சிலுக்கு அடியில் கொடுத்துவிட்டால் சரியாக வரும்.

இந்த முறை பெடலுக்கு அடியில் கட்டை!

பழையவண்டி – ஞாயிறு, இரவு 8:55

முடிந்தது. மேசையில் இருபது நிமிடம், வண்டியில் ஒரே ரவுண்டு, அரை லிட்டர்கூட ஆகவில்லை. பின் வலது நிப்பிள் இறுகிக்கொண்டது. துரு இளக்குகிற எண்ணெயை விட்டு ஒரு மணி நேரம் ஊற வைத்து, தலையில் சுத்தியால் லேசாகத் தட்டி, முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை திருப்பிவிட்டு அப்புறம் தளர்த்தியதும் விட்டது. ரிங் ஸ்பேனர்தான் போட்டேன், வாய் ஸ்பேனர் போட்டிருந்தால் தலை வழுக்கியிருக்கும். ஃபெண்டரில் இரண்டு சொட்டு ஆயில் விழுந்தது, துடைக்காமல் உடனே தண்ணீரை ஊற்றிக் கழுவினேன், பெயின்ட் தப்பித்தது.

எஞ்சினை ஓடவிட்டு ஓங்கி மிதித்து அரை நிமிடம் பிடித்தேன், மனைவி டார்ச்சோடு நாலு சக்கரத்தையும் பார்த்தாள், எங்கேயும் ஈரமில்லை. மெல்ல அழுத்தி இரண்டு நிமிடம் பிடித்தும் பெடல் அசையவில்லை. ஆளில்லாத சாலையில் முதலில் நடக்கிற வேகத்தில், பிறகு கொஞ்சம் கூட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

பழைய மாஸ்டர் சிலிண்டரைச் சும்மா விட மனசில்லாமல் பிரித்தேன். முன்பாதி பளபளவென்று இருக்கிறது. பின்பாதியில் பழுப்பாக ஒரு வளையம், நகத்தை வைத்தால் தட்டுகிறது. கப்பின் உதட்டில் அதே இடத்தில் அரிசி நீளத்துக்கு ஒரு கீறல். மனைவியிடம் காட்டினேன். "நன்றாக அமுக்கு, நன்றாக அமுக்கு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

அவசரக்குடுக்கை – ஞாயிறு, இரவு 9:01

நான் முதல் பதிவிலேயே ஏர் என்று சொன்னேன் அல்லவா, அதை மட்டும் யாரும் மேற்கோள் காட்டாதீர்கள்.

கேள்விக்குறி – ஞாயிறு, இரவு 9:20

நானும் முடித்துவிட்டேன், டாட் 4, பெடல் நன்றாக இருக்கிறது. பம்பில் பொடிக்குமிழி வந்துகொண்டே இருந்தது, மரையில் கிரீஸ் தடவியதும் நின்றது. வெளியே எடுத்த பழைய ஆயில் காப்பி நிறத்தில் இருக்கிறது. அதை என்ன செய்வது?

கிரீஸ்கை – ஞாயிறு, இரவு 9:34

மூடியுள்ள டப்பாவில் ஊற்றி மேலே பெயர் எழுதி, எஞ்சின் ஆயிலோடு கலக்காமல், கழிவு ஆயில் வாங்குகிற இடத்தில் கொடுத்துவிடுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், அது விஷம். குடிக்கிற பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள்.